கலத்துக்கு ஏன் பன்னிரண்டு குறுணி?

கேள்வி: எங்கள் ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டில் நெல் கணக்கு கலத்தில் வருகிறது. கலத்துக்குப் பத்துக் குறுணி என்று வைக்காமல் பன்னிரண்டு என்று ஏன் வைத்தார்கள்? (வாசகர், திருமுக்கூடல்)

பதில்: பங்கு போட வசதியாக என்பதே என் விடை. பத்தை மீதமில்லாமல் வகுப்பவை 1, 2, 5, 10 என நான்குதான். பன்னிரண்டுக்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அரைக்கலம், கால்கலம், மூன்றில் ஒரு பங்கு எல்லாமே முழுக் குறுணியாக வந்துவிடும்.

உங்கள் ஊர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 11-ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், 15 படுக்கைகளோடு அங்கே ஓர் ஆதுலர் சாலை (மருத்துவமனை) நடந்தது. அதன் மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். அறுவை மருத்துவம் செய்தவருக்கு 30 கலம். 90 கலம் என்றால் 1080 குறுணி. 360 நாளுக்குப் பிரித்தால் அவருக்கு நாளொன்றுக்குச் சரியாக 3 குறுணி, இவருக்கு 1 குறுணி. கலத்துக்குப் பத்துக் குறுணி இருந்தால் முதலாமவருக்கு இரண்டரை. அடுத்தவருக்கு ஒரு குறுணியில் ஆறில் ஐந்து பங்கு! அளந்து கொடுப்பவர் பாடு என்னவாகும்?

12, 24, 36, 48, 60, 120, 360... இவை ஒவ்வொன்றுக்கும், தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உண்டு. இவற்றை 'உயர் பகு எண்கள்' எனலாம். இவற்றை ஆழமாக ஆராய்ந்தவர் நம் ராமானுஜன். 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த அந்த நீண்ட கட்டுரை, மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தது. இப்படிப்பட்ட எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்தால், 2-இன் அடுக்குக்கு மேல் 3-இன் அடுக்கு போகாது, 3-இன் அடுக்குக்கு மேல் 5-இன் அடுக்கு போகாது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். 4, 36 இரண்டும் மட்டுமே விலக்கு.

அவர் 102 எண்களைப் பட்டியல் போட்டார். அதில் ஒன்று விடுபட்டது: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கணிப்பொறி இல்லாத நாளில் போட்ட பட்டியலில் ஒன்றுதான் தப்பியது என்பதே எனக்குப் பெரிய வியப்பு. ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. இவற்றின் பெருக்கமே அந்த எண். காரணிகள் 5040. இந்த 5040-உம் உயர் பகு எண்தான். 1 முதல் 10 வரை எதனாலும் வகுபடும் என்பதால் கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் லட்சிய நகரத்துக்கு அத்தனை குடும்பங்களை விதித்தார்.

விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 வரும். ராமானுஜன் பட்டியலின் கடைசி எண் அதுதான். 23 புதிதாகச் சேரும் பகா எண் ஆகையால், காரணிகள் இரட்டித்து 10,080 ஆகிவிடும்.