ஆற்றுப்படுத்தலும் ஆறாத வடுவும்: ஈழத்துப் பேரழிவுகளுக்குப் பிந்திய உளநலப் பணியில் சொற்றேர்வு

ஆய்வுச்சுருக்கம்

போரும் ஆழிப்பேரலையும் தாக்கிய இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் உயிர்தப்பியோர்க்கான உளநலப் பணி பெரும்பாலும் தமிழிலேயே நடைபெற்றது. அப்பணிக்கென ஆக்கப்பட்ட சொற்களும், பழைய வழக்கிலிருந்து எடுத்தாளப்பட்ட சொற்களும் உதவியின் தன்மையை எவ்வாறு வரையறுக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மனவடு, ஆற்றுப்படுத்தல், காணாமல் ஆக்கப்பட்டோர் என்னும் மூன்று ஆட்சிகள் சொற்பொருள் நோக்கிலும் இலக்கண நோக்கிலும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மனவடு, ஆற்றுப்படை, உளவளத்துணை, காணாமல் ஆக்கப்பட்டோர், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இலங்கைக் கரையைத் தாக்கியபோது 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வடக்கிலும் கிழக்கிலும் அந்த அலை, போரால் ஏற்கெனவே பலமுறை இடம்பெயர்ந்திருந்த மக்கள்மீது விழுந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றபோது உயிர்தப்பி வெளியேறியவர்கள் 2,50,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பலர் வவுனியா மாவட்ட முகாம்களில் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தனர்.

மோதல் நிகழ்ந்த பகுதிகளில் வாழ்வோருள் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் மனச்சோர்வு, பதற்றம், மனவடு நோய் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றால் பாதிக்கப்பட்டுள்ளனர் என்பது 2019-இல் வெளியான உலக சுகாதார நிறுவன மதிப்பீடு. ஐவரில் ஒருவர் என்னும் இக்கணக்கு பெரும்பாலும் நோயாளரின் தொகையைக் காட்டவே மேற்கோளாக்கப்படுகிறது. மறுபுறம் நோக்கினால், எஞ்சிய நால்வர் நோயாளர் அல்லர்; ஆயினும் துயரற்றவரும் அல்லர். ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடிய நிலைக்குழு 2007-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் உளநல உதவியை நான்கு அடுக்குகளாக வகுத்தது இதனாலேயே ஆகும். அடித்தளத்தில் உணவும் உறையுளும் பாதுகாப்பும். அதன்மேல் குடும்பமும் ஊரும் தரும் துணை. அதன்மேல் பயிற்சி பெற்ற தொண்டர் தரும் உதவி. உச்சியில் மருத்துவரின் பணி. கீழடுக்குகளில் பணிபுரிவோர் ஆசிரியர்களும் குடும்பநல மாதர்களும் ஊர்த்தொண்டர்களும் ஆவர். அவர்கள் பேசும் மொழி தமிழ். எனவே இத்துறையின் சொற்றேர்வு மருத்துவமனைக்குள் முடியும் செய்தி அன்று. முகாமின் கூடாரத்துக்குள் ஒரு தாயிடம் முதற்சொல்லாக எதைச் சொல்வது என்னும் செய்தியும் ஆகும்.

புண்ணும் வடுவும்

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூல் 1980-இல் தன் மூன்றாம் பதிப்பில் பேரதிர்ச்சிக்குப் பிந்திய உளநோய் ஒன்றனைத் தனியே வகுத்தது. அதன் பெயரில் இடம்பெறும் ‘டிராமா’ என்பது புண் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். யாழ்ப்பாணத்து மருத்துவ வழக்கில் இதற்கு நெருக்கீடு, மனவடு என்னும் சொற்கள் நிலைபெற்றன. தமிழகத்தில் அதிர்ச்சி, மன உளைச்சல் ஆகியவற்றோடு கூட்டிய தொடர்கள் மிகுதி.

மனவடு என்பது மூலச்சொல்லின் நேர்பெயர்ப்பு அன்று. தமிழில் புண் வேறு, வடு வேறு. புண் ஆறும், ஆறிய இடத்தில் எஞ்சுவது வடு. திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம் தீயால் நேர்வதைப் புண் என்றும் நாவால் நேர்வதை வடு என்றும் பிரித்து, முன்னது ஆறும், பின்னது ஆறாது எனக் காட்டுகிறது. அவ்வேறுபாட்டை ஏற்றால், மனவடு என்னும் ஆட்சி ‘குணமாக்கல்’ என்னும் மருத்துவ வாக்குறுதியைச் சற்றே மறுத்து நிற்கிறது எனலாம். நேர்ந்தது அழியாது, அதனோடு வாழலாம் என்பதே அச்சொல்லின் உட்கிடை. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998-இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பும் தழும்பேறிய மனங்களையே குறிக்கிறது. பின்னர் 2007-இலும் அதன் பின்னும் எழுதிய கட்டுரைகளில் அவர் தனிமனிதரின் வடுவிலிருந்து கூட்டு வடுவுக்கு நகர்ந்தார். குடும்பம் சிதைதல், அயலார்மீது நம்பிக்கை இழத்தல், மௌனம், சார்ந்திருத்தல் ஆகியன தனியொருவரைச் சோதித்து அறியக்கூடியன அல்ல என்பது அவர் வாதம்.

எனினும் இச்சொல்லில் ஓர் இடர் உண்டு. வடு என்பதற்குப் பழி, குற்றம் என்னும் பொருளும் பழைய ஆட்சியிலேயே உள்ளது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணொருத்தியின் நிலையை ‘வடு’ என்று பெயரிடும்போது, ஊர் அவள்மேல் ஏற்ற முற்படும் பழியும் அச்சொல்லின் வழியே உள்நுழையக் கூடும். கலைச்சொல்லாக்கத்தில் மூலத்தோடு பொருந்துதலே முதன்மையாகக் கருதப்படுகிறது. கேட்பவர் காதில் அச்சொல் வேறு எவ்வெவற்றை எழுப்பும் என்னும் ஆய்வு அதற்கு இணையான இடம் பெறவில்லை. இத்துறையில் அது பெருங்குறையாகும்.

பாதிக்கப்பட்டோர் தாமே ஆளும் சொற்கள் இவற்றுள் எதுவும் அல்ல. அவர்கள் பெருமூச்சைச் சொல்கின்றனர்; நெஞ்சு அடைப்பதையும் தலை இறுகுவதையும் சொல்கின்றனர்; ‘ஒரே யோசனை’ என்கின்றனர். யாழ்ப்பாண வழக்கில் யோசனை என்பது சிந்தனை அன்று, கவலையே. இதனை அறியாத வெளியூர்த் தொண்டர் ‘என்ன யோசிக்கிறீர்கள்?’ என்று வினவினால் வினா ஒன்றாகவும் விடை வேறாகவும் முடியும். உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ இலங்கையரின் துயர்க்கதைகளை ஆராய்ந்து, அவர்கள் அகநிலை அறிகுறிகளைக் காட்டிலும் குடும்பத்திலும் ஊரிலும் தம் இடம் சிதைந்ததையே துன்பமாகக் கூறுவதைச் சுட்டியுள்ளார். மேலைநாட்டு வினாநிரலைத் தமிழ்ப்படுத்தி நிரப்புவதனால் மட்டும் இத்துன்பம் அகப்படாது என்பது தெளிவு.

ஆற்றுப்படுத்தல் என்னும் ஆட்சி

உதவும் செயலுக்கும் பெயர்கள் பல. ஆலோசனை என்பது தமிழகத்துப் பொதுவழக்கு; கேட்பவர் அதனை அறிவுரை என்றே கொள்கிறார். அறிவுரை கூறாதே என்பதே இப்பணியில் பயிற்சி பெறுவோர்க்குச் சொல்லப்படும் முதற்பாடமாதலின், பெயரும் பணியும் முரண்படுகின்றன. யாழ்ப்பாணத்துச் சீர்மியம் என்னும் சொல், சீர்குலைந்தவரைச் சீராக்குதல் என்னும் கருத்தைத் தோற்றுவிக்கிறது. இலங்கையில் பெருவழக்கான உளவளத்துணை என்பதோ உள்ளத்தில் வளம் ஏற்கெனவே உண்டு, வேண்டுவது துணையே எனக் கூறுவது. இவற்றுள் அதுவே செம்மையானது.

ஆற்றுப்படுத்தல் என்னும் சொல் தனித்து நோக்கத்தக்கது. ஆறு என்னும் பெயர்ச்சொல் வழியைக் குறிக்கும். ஆறு என்னும் வினை தணிதலையும் புண் குணமாதலையும் குறிக்கும். ஆற்றுதல், ஆறுதல் ஆகியன பின்னதன் வழிப்பட்டவை. இன்றைய கேட்போர் செவியில் இரு பொருளும் ஒருங்கே ஒலிக்கின்றன. இலக்கிய மரபில் முதற்பொருளே உரியது. பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் இவ்வகையின. முருகனிடம் ஆற்றுப்படுத்தும் முதற்பாட்டை ஒதுக்கினால், ஏனைய நான்கிலும் வழிகூறுபவன் வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புபவன். கேட்பவன் இன்னும் வறுமையில் உழல்பவன். இருவரும் ஒரே குலத்தொழிலினர்.

இவ்வமைப்புக்கும் உளநல முதலுதவிக்கும் உள்ள ஒப்புமை மேலோட்டமானதன்று. உலக சுகாதார நிறுவனமும் பிறவும் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பார்த்தல், கேட்டல், இணைத்தல் என மூன்று செயல்களைக் கூறுகிறது. இணைத்தலாவது இன்ன உதவி இன்ன இடத்தில் உண்டு, இவ்வழியே செல்க எனக் காட்டுதல். வழிகாட்டும் பாணனும் எதிர்ப்பட்டவனின் பசியையும் சுற்றத்தின் மெலிவையும் முதலில் காண்கிறான். பின்னரே வழி சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் வழியிடை ஊர்கள்தோறும் கிடைக்கும் விருந்து கூறப்படுகிறது. மலைபடுகடாம் வழியின் இடர்களையும் மறையாமல் எடுத்துரைக்கிறது. அன்றியும், நேர்ந்ததை முழுதும் சொல் என்று எதிர்ப்பட்டவனை எவரும் வற்புறுத்துவதில்லை. நிகழ்வுக்குப் பின் ஒரே அமர்வில் அனைத்தையும் மீள விவரிக்கச் செய்யும் முறை நோயைத் தடுப்பதில்லை எனக் காக்ரேன் திறனாய்வு 2002-இல் முடிவு கண்டதை இங்கு நினைவுகூரலாம். ஆழிப்பேரலைக்குப் பின் மொழிபெயர்ப்பாளரோடு வந்து சில நாள்களில் திரும்பிய குழுக்கள் பல இம்முறையையே நாடின.

ஒத்தவரே ஒத்தவர்க்கு வழிகாட்டுதல் என்னும் கூறு நடைமுறைக்கு மிகவும் பயன்படுவது. தானும் இடம்பெயர்ந்த ஆசிரியை, தானும் கணவனை இழந்த தொண்டர் ஆகியோர் சொல் ஏற்கப்படுவது எளிது. இதன் விலையும் உண்டு: அவர்கள் நாடோறும் தம் இழப்பையே பிறர் வாயிலாகக் கேட்கின்றனர். ஆற்றுப்படைப் பாணன் பரிசிலோடு திரும்பியவன். முகாமின் தொண்டரோ எதையும் பெற்றுத் திரும்பியவர் அல்லர். அவர்க்கும் துணை வேண்டும் என்பதைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் இறுதியிலேயே எண்ணுகின்றனர்.

‘போனோர்’, ‘ஆக்கப்பட்டோர்’

ஆற்றுப்படை ஒப்புமை முறியும் இடம் ஒன்று உண்டு. ஆற்றுப்படையில் வழி ஒரு வாயிலில் முடிகிறது. காணாமற்போன மகனைத் தேடும் தாய்க்கு எந்த வாயிலையும் உறுதியாகக் காட்ட இயலாது. பாலின் பாஸ் என்னும் உளவியலாளர் இதனைத் தெளிவற்ற இழப்பு என்றார். இதில் துயரை முடித்துவைத்தல் இலக்காகாது என்பதும் அவர் கருத்து. தமிழ்ச் சூழலில் இத்தெளிவின்மை உடலிலும் சடங்கிலும் வெளிப்படுகிறது. உடல் இன்றேல் முன்வைத்து ஒப்பாரி சொல்ல வழியில்லை. இறந்த நாள் தெரியாவிடில் எட்டும் அந்தியேட்டியும் திவசமும் கணிக்க இயலா. ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தந்தைக்கு நீர்க்கடன் செய்வோர் வரிசையில் நிற்பதா என்பதை ஒரு மகன் முடிவு செய்யவேண்டும். மனைவி பொட்டிடுவதா என்பதை ஒவ்வொரு காலையும் முடிவு செய்யவேண்டும். 1990-களின் மட்டக்களப்பில் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் இக்கேள்விகளோடு பெண்கள் சென்றதைப் பற்றீசியா லாரன்சின் மானிடவியல் ஆய்வு பதிவு செய்துள்ளது.

இவர்களைக் குறிக்கும் சொல்லிலேயே பூசல் உள்ளது. 2016-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப்பெயர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த உறவினரோ ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கின்றனர். வேறுபாடு இலக்கணத்தில் தெளிவாக உள்ளது. காணாமல் என்னும் எதிர்மறை வினையெச்சத்தோடு போ சேரும்போது, உடைந்துபோ, காய்ந்துபோ என்பன போல, தானே நிகழ்ந்த தன்மை தோன்றுகிறது. செய்தவன் அத்தொடரில் இல்லை. ஆகு என்பது ஆக்கு எனப் பிறவினையாகிப் படு சேர்ந்து செயப்பாட்டுவினையாகும்போது, எழுவாயாக வாராவிடினும் செய்தவன் ஒருவன் உளன் என்பது வினையின் அமைப்பிலேயே பதிகிறது. படிவத்தில் ‘போனவர்’ என்னும் சொல்லைக் கண்டு கையெழுத்திட மறுக்கும் தாயின் மறுப்பை உளநோயின் அறிகுறியாகக் கொள்வது பிழை. அவள் அவ்வினையின் பொருளை நன்கு உணர்ந்தே மறுக்கிறாள். உண்மை அறியும் உரிமையைக் கோருவோரிடம் ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று கூறும் உளவளத்துணை, துணையாகாமல் அரசியற் செயலாகிவிடும்.

இறுதியாகக் காலம் பற்றிய ஒரு நுட்பம். காணாமல் ஆக்கப்பட்டவரைப் பற்றிப் பேசும் தொண்டர், ‘இருந்தார்’ என்றால் அவரை இறந்தவராக்குகிறார். ‘இருக்கிறார்’ என்றால் தர இயலாத வாக்கைத் தருகிறார். வினைமுற்று காலத்தை மறைக்க இடந்தருவது அரிது. ஆயின் தமிழில் வினையில்லாத தொடர் இயல்பாகவே உண்டு. ‘அவருக்கு எந்தப் பாட்டில் விருப்பம்?’ என்றும், ‘பிள்ளைகளில் யாருக்கு அவருடைய சாயல்?’ என்றும் கேட்கலாம். இவ்வினாக்களில் காலம் இல்லை. விடை கூறும் தாய் எந்தக் காலத்தை ஆள்கிறாளோ அதனையே தொண்டர் பின்பற்றலாம். ஒரே உரையாடலில் அவள் இரண்டையும் ஆண்டால் இரண்டையும் திருத்தாமல் கேட்டிருக்கலாம்.