ஃப்ரெட்லெஸ் பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்கும்போது...

ஃப்ரெட் இல்லாத பேஸில் கம்பி நேராக விரல்பலகையில் அழுந்துகிறது. சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் கம்பி மரத்தை அரம்போல அராவிவிடும்.

• நிக்கல் சுற்றிய கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட மென்மையானது. பலகை குறைவாகத் தேயும்.

• மேற்புறம் மழமழப்பாக்கிய ஹாஃப்-ரவுண்ட் கம்பியில் ரவுண்ட்வவுண்டின் பளிச்சென்ற ஒலி ஓரளவு கிடைக்கும். விரல் உரசும் கீச்சொலி குறையும்.

• பலகையையும் பாருங்கள். கருங்காலி, ரோஸ்வுட்டைவிடக் கடினமானது. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ரவுண்ட்வவுண்ட் கம்பிகளோடு வாசித்தார். அதனால் பலகையைக் காக்க அதன்மேல் எபாக்சி பூசினார்.

• வழக்கமான 34 அங்குல பேஸுக்கு ‘லாங் ஸ்கேல்’ செட் வாங்குங்கள். நான்கு கம்பிக்கு 45–105 (அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகளில்) பொதுவான தடிமன்.

• பலகை தேயாதிருக்க, ஸ்வரத்தை அசைக்கும்போது கம்பியைக் குறுக்கே இழுக்காதீர்கள். நீளவாக்கில் விரலை உருட்டுங்கள்.

பூச்சில்லாத ரோஸ்வுட் பலகையா? ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் வேண்டாம், ஹாஃப்-ரவுண்டே நல்லது.