பனி பெய்தால் மிஸ்ஸிங், வெயில் ஏறினால் சரி!

கேள்வி: வள்ளூரில் குடியிருக்கிறேன். பழைய ஆம்னி ஒன்றை வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிறேன். பெட்ரோலிலும் ஓடும், கேஸிலும் ஓடும். மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் விடிகாலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உதறுகிறது, பிக்கப்பே இல்லை. பொன்னேரி தாண்டுவதற்குள் தானாகச் சரியாகிவிடுகிறது. கேஸில் ஓட்டினால் தொந்தரவு கூடுதல். பிளக் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. இப்போது மெக்கானிக் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும் என்கிறார். கழற்றலாமா?

– வாசகர், வள்ளூர்

பதில்: வேண்டாம். இன்ஜெக்டருக்குச் செலவழிக்கும் முன்பு பிளக் வயர்களைப் பார்க்க வேண்டும். நோய் இன்னதென்று கேள்வியிலேயே பாதி தெரிந்துவிடுகிறது. ஈரம் இருக்கும்போது வருகிறது, இன்ஜின் சூடேறி வயர் காய்ந்ததும் போகிறது, கேஸில் கூடுகிறது. இன்ஜெக்டர் அடைப்பு இப்படிப் பனியைப் பார்த்து வந்து வெயிலைப் பார்த்துப் போகாது.

பேட்டரி தருவது வெறும் 12 வோல்ட். அதைக் காயில் 15,000, 20,000 வோல்ட் என்று உயர்த்துகிறது. அந்த மின்சாரத்தைப் பிளக்கின் தலைவரை சிந்தாமல் கொண்டுசேர்ப்பதுதான் வயரின் வேலை. இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் சுழன்றால் ஒவ்வொரு வயரும் நொடிக்கு 25 தடவை இதைச் செய்கிறது. பிளக்கின் நுனி இடைவெளியைத் தாண்டுவதைவிட எளிய வழி ஏதாவது கிடைத்தால் மின்சாரம் அந்த வழியில் போய்விடும். வயரின் ரப்பரில் வெடிப்பு இருந்து, அதில் ஈரமும் சேர்ந்துவிட்டால் அந்த எளிய வழி தயார். பக்கத்திலிருக்கும் இன்ஜின் இரும்பில் பாய்ந்து எர்த் ஆகிவிடும். ஆம்னிக்கு மூன்றே சிலிண்டர். ஒன்று எரியாமல் போனால் மூன்றில் ஒரு பங்கு பலம் போயிற்று என்று அர்த்தம். உதறாமல் என்ன செய்யும்?

கேஸில் ஏன் அதிகம் என்றால், பெட்ரோல் கலவையைவிடக் கேஸ் கலவையைப் பற்றவைக்க உயர்ந்த வோல்டேஜ் தேவை. பெட்ரோலில் எப்படியோ சமாளிக்கும் அரைகுறை வயர் கேஸுக்கு மாறியதும் தோற்றுவிடும். முழு லோடோடு மேம்பாலம் ஏறும்போதும் இதே கதைதான். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், ஸ்பார்க் தாண்டவும் கூடுதல் வோல்டேஜ் வேண்டியிருக்கும்.

இதில் வள்ளூருக்கென்று ஒரு தனிக் கணக்கும் உண்டு. ஒரு பக்கம் எண்ணூர் கழிமுகமும் காமராஜர் துறைமுகமும். இன்னொரு பக்கம் மூன்று 500 மெகாவாட் யூனிட்டுகள் ஓடும் வள்ளூர் அனல்மின் நிலையம். நிலக்கரித் தூளும் சாம்பலும் பானட்டுக்குள் படிகின்றன. கடற்காற்றின் உப்பு அதோடு சேர்கிறது. உப்பு இருக்கும் இடத்தில் ஈரம் தங்கும். உப்பும் ஈரமும் கலந்த படலம் மின்சாரத்தைக் கடத்தும். கடலோரத்தில் மின்கம்பப் பீங்கான்கள் பனிக்காலத்தில் இரைவதையும், சில சமயம் பொறி பறப்பதையும் இந்தப் பக்கத்து மக்கள் பார்த்திருப்பார்கள். அங்கே பெரிதாக நடப்பதுதான் பானட்டுக்குள் சிறிதாக நடக்கிறது. பிளக் வயருக்குப் பொதுவாக 50,000 முதல் 1 லட்சம் கிலோமீட்டர் வரை ஆயுள் சொல்வார்கள். கடலிலிருந்து தள்ளி ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் வட்டாரத்தில் கிலோமீட்டரை நம்பியிருப்பதைவிட ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் வயரைச் சோதிப்பதே சரி.

கோளாறைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. இரவில், விளக்கில்லாத இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறக்க வேண்டும் (ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும்). வயர்களைச் சுற்றி நீல நிறத்தில் மெல்லிய பொறி ஓடினாலோ, ‘டிக் டிக்’ என்று கேட்டாலோ அங்கேதான் கசிவு. ஒன்றும் தெரியாவிட்டால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து வயர்மேல் மட்டும் பனி மாதிரி தூவிப் பார்க்கலாம். கெட்ட வயர் உடனே காட்டிக்கொடுக்கும். சில எச்சரிக்கைகள்: வண்டியில் பெட்ரோல் வாடையோ கேஸ் வாடையோ இருந்தால் இந்தச் சோதனையே கூடாது. ஓடும் இன்ஜினில் வயரைத் தொடக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கிட்டே நிற்கவும் கூடாது.

சில ஒர்க்ஷாப்புகளில் இன்ஜின் ஓடும்போதே வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ‘இந்த சிலிண்டர் வேலை செய்யலை’ என்று சொல்வார்கள். பாயின்ட் செட் காலத்துப் பழக்கம் அது. எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் அதைச் செய்தால், போக வழியில்லாத மின்சாரம் காயிலுக்குள்ளேயே பாய்ந்து அதைச் சுட்டுவிடலாம். இருநூறு ரூபாய் சோதனைக்கு ஆயிரக்கணக்கில் தண்டம் எதற்கு?

மல்டிமீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். இன்ஜினை நிறுத்தி, வயரைக் கழற்றி, இரு முனைக்கும் இடையே ஓம்ஸ் பார்க்க வேண்டும். கார்பன் உள்கம்பி கொண்ட வயரில் மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10 முதல் 20 கிலோ ஓம் காட்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் வண்டியின் மேனுவல்தான் கடைசிச் சொல். முள் அசையவே இல்லையென்றால் உள்ளே அறுந்திருக்கிறது. வயரை மெதுவாக வளைக்கும்போது எண் எகிறிக் குதித்தாலும் அப்படித்தான். வெறும் செம்புக் கம்பி போட்டால் தடையே இருக்காதே என்று சிலர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்பதுண்டு. அந்தத் தடை வேண்டுமென்றே வைத்தது. அது இல்லாவிட்டால் ரேடியோ இரையும், இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டருக்கும் தப்பான சிக்னல் போகும்.

வயரைக் கழற்றுவதில்தான் பாதி வயர்கள் கெடுகின்றன. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிளக்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் உறையை (‘பூட்’) பிடித்து இப்படியும் அப்படியும் கொஞ்சம் திருகி, பிடி விட்டதும் நேராக இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே கார்பன் அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பூட்டின் உட்புறத்தில் தலைமுடி அளவு கறுப்புக் கோடு தெரிந்தால் துடைத்துவிட்டுத் திரும்பப் போடக் கூடாது. மின்சாரம் தனக்குப் போட்டுக்கொண்ட கார்பன் பாதை அது. அதே பாதையில் மீண்டும் மீண்டும் ஓடும்.

மாற்றுவதென்றால் செட்டாகவே மாற்ற வேண்டும். ஒன்று வெடித்திருந்தால் மற்றவையும் அதே வெயிலையும் உப்பையும் தின்றவைதான். ஒரு வயரைக் கழற்றி, அதே நீளமுள்ள புது வயரை அதே இடத்தில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் குழப்பமே வராது. மூன்றையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு ஃபயரிங் ஆர்டர் தேடுபவர்களுக்காக: ஆம்னியில் அது 1-3-2; பெரும்பாலான நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களில் 1-3-4-2. பூட்டுக்குள் டைஎலக்ட்ரிக் சிலிகான் கிரீஸைக் கடுகளவு தடவினால் ஈரம் ஏறாது, அடுத்த முறை கழற்றும்போது ஒட்டிக்கொண்டு கிழியவும் செய்யாது. ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும். வயர்களைப் பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து டேப் சுற்றுவது பெரிய தப்பு. நெருங்கி ஓடும் வயர்களில் ஒன்றின் மின்சாரம் இன்னொன்றில் தூண்டப்பட்டு, நேரம் தப்பி ஸ்பார்க் விழும்.

துடைக்க சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். பிறகு உலர விட வேண்டும். பெட்ரோல், டீசல், தின்னர் ஆகாது. ரப்பர் ஊதிவிடும். வாட்டர் வாஷ் விடும்போது அந்தப் பக்கம் பிரஷர் அடிக்காமல் இருக்கவும் சொல்லி வையுங்கள். எலி கடித்த தடமும் பார்க்க வேண்டிய ஒன்று.

கேள்வி: என்னிடம் இரட்டை பிளக் கிளாசிக் 350 இருக்கிறது. வண்டி ஓடுகிறது, ஆனால் இழுவை குறைந்து மைலேஜும் போய்விட்டது. பிளக் வயர் காரணமாக இருக்குமா?

– வாசகர், கவரப்பேட்டை

பதில்: இருக்கலாம். திருவொற்றியூர் ஆலைக்குப் பேர்பெற்ற ராயல் என்ஃபீல்டின் ட்வின்ஸ்பார்க் இன்ஜினாகட்டும், பல்சர் டிடிஎஸ்-ஐ ஆகட்டும், இரட்டை பிளக்கில் இருக்கும் வம்பு இதுதான்: ஒரு வயர் கழன்றாலும் மற்ற பிளக்கை வைத்து வண்டி ஓடிவிடும். அதனால் ஓட்டுபவருக்குக் கோளாறே தெரிவதில்லை. இரண்டு கேப்பையும் அழுத்திப் பாருங்கள். பைக்கில் கேப் பெரும்பாலும் வயரில் திருகி மாட்டியிருக்கும். திருகிக் கழற்றினால் வயர் நுனியில் பச்சை பூத்திருக்கும். அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் திருகினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். கேப்பை மாற்றினால், பழையது ரெஸிஸ்டர் உள்ளதா என்று பார்த்து அதே ஓம்ஸ் வாங்குங்கள். 5 கிலோ ஓம் சாதாரணமாகக் கிடைப்பது.

கேள்வி: புதுக் கார் வாங்கினேன். பிளக் வயரே இல்லையே?

– வாசகர், திருவள்ளூர்

பதில்: இருக்காது. திருவள்ளூர் ஆலையின் கதையே இந்த மாற்றத்தைச் சொல்லிவிடும். 1998-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே மிட்சுபிஷி லான்சரை உருவாக்கியபோது பெட்ரோல் காரென்றால் பிளக் வயர் உண்டு. இன்று அதே ஆலையிலிருந்து வெளிவரும் சிட்ரோயென் சி3-இல் பிளக்கின் தலையிலேயே காயில் உட்கார்ந்திருக்கிறது. வயர் ஒழிந்தாலும் ரப்பர் பூட் ஒழியவில்லை; அதில் ஈரமோ ஆயிலோ புகுந்தால் இதிலும் மிஸ்ஸிங் வரும். டேஷ்போர்டில் ‘செக் இன்ஜின்’ விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் வேகம் எடுக்காமல் வண்டியை ஓரங்கட்டி ஒர்க்ஷாப்பைக் கூப்பிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்தால், ஒரு காயிலைவிடப் பல மடங்கு அதிக விலையுள்ள சாமான் பாழாகிவிடும்.