வண்ணக் கெண்டைக் குளமும் அதன் அடிவடிகாலும்

பூங்காக்களிலும் பெரிய விடுதிகளின் முற்றங்களிலும் சிவப்பும் வெண்மையும் கருமையுமாக நீந்தித் திரியும் வண்ணக் கெண்டை மீன்களைக் கண்டு மகிழாதவர் இலர். அவற்றின் நிறத்தைப் புகழ்வோர் பலர். அவை உயிர் வாழும் நீரைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலரே. அந்நீரைத் தூய்மையாக வைத்திருப்பதில் பெரும்பங்கு, குளத்தின் அடியில் கான்கிரீட்டுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு குழாயைச் சாரும். அக்குழாயை வடிகட்டியுடனும் பம்புடனும் எம்முறையில் இணைக்க வேண்டும், ஏன் அம்முறையில் இணைக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீனின் தாயகம்

ஜப்பானியர் இம்மீனை 'நிஷிகிகோய்' என்று அழைப்பர். 'நிஷிகி' என்பது பல வண்ண இழைகளால் நெய்த பட்டினைக் குறிக்கும். 'கோய்' என்றால் கெண்டை. ஜப்பானின் நீகாட்டா மாநிலத்து மலைச் சிற்றூர்களில் உழவர்கள் உணவுக்காகக் கெண்டை வளர்த்து வந்தனர். அவற்றுள் நிறம் மாறிப் பிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, 19-ஆம் நூற்றாண்டில் படிப்படியாகப் பெருக்கினர். 1914-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற தைஷோ பொருட்காட்சியில் இம்மீன்கள் வைக்கப்பட்ட பின்னரே நாடெங்கும் புகழ் பெற்றன.

நீகாட்டாவில் கோடைக்காலத்தில் இம்மீன்கள் மலைச்சரிவிலுள்ள மண் குளங்களில் வளர்கின்றன. கடும்பனி பொழியும் நிலமாதலால், இலையுதிர் காலத்தில் அவற்றைப் பிடித்துக் கூரையிட்ட கான்கிரீட் குளங்களுக்கு மாற்றுகின்றனர். மண் குளத்தில் சேறும் பாசியும் நுண்ணுயிர்களும் மீனின் கழிவை ஏற்றுச் செரித்துவிடும். கான்கிரீட் குளத்திலோ அத்தகைய சேறு இல்லை. இயற்கை செய்த வேலையை அங்கே மனிதன் செய்தாக வேண்டும்.

கழிவு இருவகை

மீனின் கழிவு இருவகைப்படும். ஒன்று, அடியில் படியும் திடக்கழிவு. மற்றொன்று, பெரும்பாலும் செவுள் வழியே வெளியேறி நீரில் கரையும் அம்மோனியா. அம்மோனியா சிறிதளவே ஆயினும் நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியங்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகையின நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டோ பெரிதும் தீங்கற்றது. இப்பாக்டீரியங்கள் குடியிருக்கும் இடமே உயிர் வடிகட்டி எனப்படுவது.

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. திடக்கழிவு உயிர் வடிகட்டிக்குள் புகுந்துவிட்டால், அது அழுகும்போது அந்த ஆக்சிஜனைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். பாக்டீரியங்கள் மூச்சடைத்துப் போகும். ஆகவே, திடக்கழிவு முதலில் பிரிய வேண்டும். கரைந்த கழிவு பின்னர் மாற வேண்டும். குழாய் இணைப்பின் வரிசை முழுவதும் இந்த ஒரு தேவையிலிருந்தே பிறக்கிறது.

பம்பு முதலிலா, கடைசியிலா?

பம்பை அடிவடிகாலோடு நேரே இணைத்து, நீரை உறிஞ்சி வடிகட்டிக்குள் தள்ளினால் போதாதா என்று பலர் எண்ணுவர். அவ்வாறு செய்தால், பம்பின் சுழலும் இறக்கைகள் திடக்கழிவை நொறுக்கித் தூளாக்கிவிடும். முழுதாக இருந்தபோது எளிதில் படியக்கூடிய கழிவு, தூளான பின் படியாமல் நீரெங்கும் கலந்து நிற்கும்.

எனவே சிறந்த வரிசை இதுவே: குளத்திலிருந்து அடிவடிகால், அங்கிருந்து குழாய் வழியே வண்டல் தொட்டி, அடுத்து உயிர் வடிகட்டி, அதன் பின்னரே பம்பு, பம்பிலிருந்து மீண்டும் குளம். பம்புக்கு வருவது தெளிந்த நீர் மட்டுமே.

அப்படியானால் குளத்து நீரை வண்டல் தொட்டிக்குத் தள்ளுவது எது? புவியீர்ப்புதான். கொத்தனார் ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி, இரு சுவர்களின் மட்டத்தைச் சரிபார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். இணைக்கப்பட்ட கலங்களில் நீர் ஒரே மட்டத்தை நாடும் என்று இயற்பியலில் படித்ததும் அதுவே. குளமும் வடிகட்டித் தொட்டிகளும் அத்தகைய கலங்கள். பம்பு கடைசித் தொட்டியிலிருந்து நீரை எடுக்கும்போது அங்கு மட்டம் சற்றே தாழ்கிறது; அதனை ஈடுசெய்யக் குளத்து நீர் அடிவடிகால் வழியே அமைதியாக ஓடி வருகிறது.

குழாயின் விட்டம்

ஒரு கணக்கைப் பார்ப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள குளம் 18,000 லிட்டர் கொள்ளும். இந்நீர் 2 மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டியைக் கடக்க வேண்டுமானால், மணிக்கு 9,000 லிட்டர், அதாவது நொடிக்கு 2.5 லிட்டர் ஓட வேண்டும்.

உள்விட்டம் 100 மில்லிமீட்டர் உள்ள குழாயில் இந்நீர் நொடிக்குச் சுமார் 32 சென்டிமீட்டர் வேகத்தில் செல்லும். 50 மில்லிமீட்டர் குழாயிலோ வேகம் நான்கு மடங்காகும். ஒரே நீளத்தில் உராய்வால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். 6 மீட்டர் நீளமும் இரண்டு வளைவுகளும் கொண்டு கணக்கிட்டால், பெரிய குழாயில் மட்ட வேறுபாடு 2 சென்டிமீட்டர் அளவே. சிறிய குழாயில் அது 40 சென்டிமீட்டரைத் தாண்டும். அந்நிலையில் கடைசித் தொட்டி வற்றி, பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும்.

அதற்காக 150 மில்லிமீட்டர் குழாய் போட்டால் மேலும் நன்று என்று கருதுவதும் தவறு. அதில் வேகம் நொடிக்குச் சுமார் 14 சென்டிமீட்டராகக் குறையும். கழிவு குழாயிலேயே படிந்துவிடும். இத்தகைய குளத்துக்கு நான்கு அங்குலக் குழாயே பொருத்தம்.

பதிக்கும் முறை

1. குளத்தின் தரை நாற்புறமும் நடுவிலுள்ள வடிகாலை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். வடிகாலின் மேல் குடை போன்ற மூடி வேண்டும்; மீன் நுழையாதபடி அதன் ஓர இடைவெளி குறுகலாக இருக்க வேண்டும்.

2. இரண்டு வடிகால்கள் இருந்தால் இரண்டு தனிக் குழாய்கள் போட வேண்டும். ஒன்றாக இணைத்தால் நீர் எளிய வழியையே தேர்ந்து செல்லும். மற்றது நாளடைவில் அடைபடும்.

3. குழாயின் நடுவே எங்கும் மேடு இருத்தல் கூடாது. மேட்டில் காற்று தங்கி ஓட்டத்தைக் குறைக்கும். செங்கோண எல்போவுக்கு மாற்றாக 45 பாகை வளைவுகள் இரண்டைப் போடுவது நல்லது.

4. வடிகட்டித் தொட்டிகளின் விளிம்பு, குளத்தின் விளிம்புக்குத் தாழாமல் இருக்க வேண்டும்.

5. வண்டல் தொட்டியின் நுழைவாயிலில் ஒரு வால்வும், அதன் அடியில் கழிவை வெளியேற்ற மற்றொரு வால்வும் வேண்டும். முதல் வால்வை மூடிய பின்னரே இரண்டாவதைத் திறக்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் குளமே வடிந்துவிடும். வண்டல் தொட்டி காலியானபின் கழிவு வால்வை மூடிவிட்டு, முதல் வால்வைச் சட்டெனத் திறந்தால், பாய்ந்து வரும் நீர் குழாயில் படிந்ததையும் அடித்துக்கொண்டு வரும். அதனை மீண்டும் ஒருமுறை வெளியேற்றலாம்.

6. பம்பிலிருந்து திரும்பும் நீரைச் சுவரையொட்டிச் சாய்வாக விட வேண்டும். அப்போது குளத்து நீர் மெல்லச் சுழன்று, கழிவை நடுவிலுள்ள வடிகாலுக்குக் கொண்டு சேர்க்கும்.

இவையனைத்தினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. கான்கிரீட் கொட்டுமுன் குழாயின் இரு வாயையும் அடைத்து, நீர் நிரப்பி, ஓரிரவு வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டுப் பகுதியில் ஒரு துளி கசிந்தாலும் அன்றே சரிசெய்துவிட வேண்டும். கான்கிரீட் இறுகியபின் தரையை உடைப்பதன்றி வேறு வழியில்லை.

மின்சாரம் நின்றால்

மேற்கூறிய அமைப்பில் மின்சாரம் நின்றால் நீர் வழிந்தோடாது. எல்லாத் தொட்டிகளிலும் மட்டம் சமமாகி நின்றுவிடும். ஆயினும் ஓட்டம் நின்ற வடிகட்டியில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். சில மணி நேரத்தில் பாக்டீரியங்கள் நலியத் தொடங்கும். நெடுநேரம் தேங்கிய நீரைக் குளத்துக்குள் விடாமல், முதலில் கழிவு வழியே வெளியேற்றிவிட வேண்டும். மீன்களுக்கு மூச்சளிக்கும் காற்றுப் பம்புக்கேனும் மாற்று மின்சாரம் இருத்தல் நலம். குறைந்த நீரைக் குளோரின் கலந்த குழாய்நீரால் நேரடியாக நிரப்புவதும் ஆபத்தே. சோடியம் தயோசல்பேட்டு போன்ற பொருளால் குளோரினை நீக்கிய பின்னரே நிரப்ப வேண்டும்.

2004-ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று நீகாட்டாவைத் தாக்கிய நிலநடுக்கத்தில், வண்ணக் கெண்டையின் பிறப்பிடமான யமகோஷி கிராமம் சீர்குலைந்தது. குளங்கள் பிளந்தன, மின்சாரமும் நீரோட்டமும் நின்றன, மீன்கள் பெருமளவில் மடிந்தன. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பாற்றினர். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய அழகு, ஓடும் நீரை நம்பியே நிற்கிறது என்பதை அந்நாள் உணர்த்தியது.

முடிவுரை

வடிகட்டியைப் பின்னர் மாற்றலாம். பம்பைப் புதிதாக வாங்கலாம். அடித்தளத்தில் பதித்த குழாயை மட்டும் எளிதில் மாற்ற இயலாது. நீரின் மட்டம், குழாயின் விட்டம், ஓட்டத்தின் வேகம் என்று வகுப்பறையில் நாம் படிக்கும் சிறு விதிகளே ஓர் உயிரின் மூச்சாக அங்கே அமைகின்றன. குளம் வெட்டுமுன் அரைமணி நேரம் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்ப்பவரின் மீன்கள் நீடு வாழும்.