ஒலியை வரைந்த ஓவியர்

ஒலியைக் கண்ணால் காண முடியுமா? பௌதிகம் பயிலும் என்னைக் கேட்டால், ஆய்வுக்கூடத்து அலைகாட்டியைச் சுட்டுவேன். அதன் திரையில் ஒலி நெளிகோடாக ஓடும், அதிர்வெண்ணை அளந்துவிடலாம். ஆனால், கோடைப் பிற்பகலில் பூச்சிகளின் இரைச்சல் உள்ளத்தில் எழுப்பும் மயக்கத்தை அக்கோடு கூறுமா? கூறாது. அதையும் கோட்டில் பிடிக்க முயன்ற ஓவியர் ஒருவர் இருந்தார். அவரே அமெரிக்கரான சார்லஸ் பர்ச்பீல்டு.

1893இல் பிறந்த அவர் வளர்ந்த ஊரின் பெயர் சேலம். நண்பர்களே, மாம்பழத்தை நினைத்துவிட வேண்டாம்! இது ஒஹையோ மாநிலத்துச் சேலம். கிளீவ்லந்து கலைப்பள்ளியில் 1916இல் பயிற்சி முடித்தவர், அவ்வாண்டே ஊர் திரும்பி, உலோகத் தொழிற்சாலை ஒன்றில் அலுவல் பார்த்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நீர்வண்ணம் தீட்டினார். வீடு, மரம், தெரு, மழை எனக் கண்ணெதிரே இருந்தவையே அவருக்குப் பொருளாயின.

1917இல் வரைந்த ‘பூச்சிகளின் சேர்ந்திசை’ என்னும் படத்தைப் பாருங்கள். மரங்களையும் வீட்டையும் சூழ்ந்து வளைகோடுகளும் கூர்முனைக் கோடுகளும் அடுக்கடுக்காக எழுகின்றன. அவை இலைகளா? அல்ல, பூச்சிகளின் ஒலிகள்! அதே ஆண்டில் அச்சம், துயரம் போன்ற உணர்ச்சிகளுக்கும் தனித்தனி வடிவங்களை அவர் வகுத்துக்கொண்டார். குளிர்கால மழையிரவில் ஒலிக்கும் கோயில் மணியை வரைந்தபோது, அந்த அச்ச வடிவங்களைப் படத்தில் அமைத்தார்.

சுவர்க்கோழி நிமிடத்திற்கு எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணி வெப்பநிலையைக் கணக்கிடலாம் என 1897இல் டால்பேர் என்ற பௌதிக அறிஞர் எழுதினார். ஒலியும் வெப்பமும் தொடர்புடையன என்பதை அவர் எண்ணால் உரைத்தார். பர்ச்பீல்டு கோட்டால் உணர்த்தினார். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. இரண்டிற்கும் அடிப்படை கூர்ந்து கவனித்தலே.

1921இல் பபலோ நகருக்குச் சென்ற அவர், 1929 வரை சுவர்த்தாள் தொழிற்சாலையில் கோலங்கள் வரைந்து குடும்பம் நடத்தினார். 1930இல் நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சிச்சாலை அவருடைய இளமைக்கால ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது.

அதன்பின் நிகழ்ந்ததே எனக்குப் பெரும் வியப்பு. ஐம்பது வயதை எட்டியபோது, அவர் தம் பழைய படங்களை மீண்டும் எடுத்தார். சிறிய தாளைச் சுற்றிப் புதிய தாள்களை ஒட்டி, படத்தைப் பெரிதாக்கினார். 1917இல் தொடங்கிய ‘வசந்தத்தின் வருகை’ 1943இல்தான் நிறைவுற்றது. இருபத்து நான்கு வயதில் இட்ட விதை, இருபத்தாறு ஆண்டுகளுக்குப்பின் மரமாயிற்று!

1967இல் அவர் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே பபலோவின் கல்லூரி ஒன்றில் அவர் பெயரால் கலை நிலையம் தோன்றியது. அது இன்றும் அவர் படைப்புகளைப் போற்றி வருகிறது.

எனக்கு வயது இருபத்து மூன்று. உங்களுள் பலருக்கும் ஏறத்தாழ அதுவே. ஊர் விட்டு வந்த நாம், இந்நகரைத் தங்கிச் செல்லும் சத்திரமாகவே கருதி, ரயிலேறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். சன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. இன்று ஒரு குறிப்பேட்டில் நான்கு வரி எழுதி வைப்போம். நான்கு கோடு வரைந்து வைப்போம். ஐம்பது வயதில் தாள் ஒட்டி விரிக்க, முதலில் ஒரு சிறு தாளாவது கையில் இருக்க வேண்டுமன்றோ!