சாமிமேடைக்கு அடியில் தூள் கொட்டுகிறதா?

பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய சாமிமேடைக்கு அடியில் முகப்பவுடர் போல மெல்லிய தூள் கிடந்தால், தூசி என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். உளுவண்டின் புழு உள்ளிருந்து மரத்தைத் தின்கிறது. மிந்தியா ருகிகோலிஸ் என்ற வண்டு 2, 3 மில்லிமீட்டர்தான். அதே குடும்பத்தில் சற்றுப் பெரியது ஹெட்டரோபோஸ்ட்ரிக்கஸ் ஈக்குவாலிஸ். நம் தென்கிழக்காசியாவில் பிறந்த இது, பலகையிலும் மரப்பெட்டியிலும் கப்பலேறி, அமெரிக்காவின் தென் ஃபுளோரிடாவில் நிலைத்துவிட்டது. மனிதர் சுமந்துபோகாமல் அவ்வளவு தூரம் போயிருக்காது.

இவற்றுக்கு வேண்டியது மாவுச்சத்து. நம் தாத்தா பாட்டி சீவிய பால்மரத்தில் அது ஏராளம். பால் குறைந்து, 25, 30 வயதில் வெட்டுப்படும் அந்த மரம்தான் இன்று நம் வீட்டு மேசையும் கட்டிலும்.

செய்ய வேண்டியவை

• வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். வார்னிஷ் படாத அடிப்பக்கத்தில், மரத்தின் நுண்துளைகளில்தான் பெண் வண்டு முட்டையிடும். குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டை தெரிந்தால் வேண்டாம்.

• பால்மரச் சாமான் என்றால், போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்திய பலகையா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

• சந்தேகமா? தூளைத் துடைத்து, கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதுத்தூள் விழுந்தால் புழு உயிரோடு இருக்கலாம். மண்பூச்சு தெரிந்தால் அது கறையான். அதற்கு வைத்தியமே வேறு.

• சின்ன மரச்சிலையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள்.

• கிள்ளான் துறைமுகம் வழியாக மரப்பெட்டியில் சாமான் அனுப்பினால், பெட்டியில் கோதுமைக்கதிர் முத்திரை உண்டா என்று பாருங்கள். அதில் ‘எச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் உள்வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

செய்யக்கூடாதவை

• மேலே மட்டும் பூச்சிமருந்து அடித்து நிம்மதியடையாதீர்கள். புழு இருப்பது உள்ளே.

• முத்திரையில்லாத பழைய பேலட்டை அலமாரி செய்ய வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

• உளுத்த கட்டிலைத் தெருவோரம் போடாதீர்கள். வசதியில்லாத ஒருவர் ஆசையாக எடுத்துப்போவார்.

• மெல்பர்னில் இருக்கும் மகளுக்குப் பிரம்புக்கூடையோ மரப்பலகையோ கொண்டுபோனால் மறைக்காதீர்கள். விமானத்தில் தரும் அட்டையில் எழுதி, அதிகாரியிடம் எடுத்துக் காட்டுங்கள்.