சதுரங்கப் பலகையில் நெல்

கேள்வி: சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் 1 நெல், அடுத்ததில் 2, பிறகு 4 என்று 64 கட்டமும் இரட்டித்து வைத்தால் மொத்தம் எவ்வளவு? அந்த எண்ணுக்கு வேறு விசேஷம் உண்டா என்று மகன் கேட்கிறான். – வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: 18,446,744,073,709,551,615. ஆயிரம் நெல்மணி 25 கிராம் என்று வைத்தால் ஏறத்தாழ 46,000 கோடி தொன். படுவான்கரை வயல்களை விடுங்கள்; முழு உலகமும் இன்றைய அளவில் விளைத்தாலும் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் செல்லும்.

எடையை விட எனக்குப் பிடித்தது அதன் காரணிகள். 5இல் முடிவதால் 5ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87; ஆகவே 3ஆலும் வகுபடும். இதுவரை பள்ளிக்கூடப் பாடம்தான். முழுதாகப் பிரித்தால் ஏழு முதன்மை எண்கள், ஒவ்வொன்றும் ஒரே தடவை: 3, 5, 17, 257, 641, 65,537, 6,700,417. எனவே இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் சரியாக 128.

இதில் 641 பொல்லாதது. 4,294,967,297 முதன்மை எண் என்று நம்பியவர் பிரான்சின் பெர்மா, சாதாரண ஆளல்ல. அது 641ஆல் வகுபடும் என்று 1732இல் காட்டியவர் ஒய்லர். கணினி இல்லாத காலம்!

641ஐ 6,700,417ஆல் பெருக்கிப் பார்க்க மகனிடம் சொல்லுங்கள். கல்குலேட்டரைக் கொடுக்காதீர்கள்.